நெக் வாங்க முன் வேணியரை எடுங்கள்

கிற்றார் பட்டறை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பழைய ஸ்ட்ராட் (ஸ்ட்ராடோகாஸ்டர்) மின்கிற்றார் பாடி ஒன்று கைக்கு வந்திருக்கிறது, நெக், அதாவது கழுத்து, இல்லை. எந்த ஸ்ட்ராட் நெக்கும் பொருந்தும் என்று விற்றவர் சொல்கிறார். நானும் மேப்பிள், ரோஸ்வுட், வறுத்த மேப்பிள் என்று படம் பார்த்துப் பார்த்துக் குழம்பிப்போனேன். எந்த மரத்தில் வாங்கினால் சத்தம் நல்லது?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: மரத்தைப் பிறகு பார்ப்போம் தம்பி. விற்றவர் சொன்னது, ஸ்ட்ராட்டை உருவாக்கிய பெண்டர் கம்பனியின் அளவுக்கே வெட்டிய பாடி என்றால் சரி. மலிவாகச் செய்த நகல் பாடிகளில் நெக் உட்காரும் குழி ஒரு மில்லிமீற்றர் அங்கே இங்கே இருக்கும், அந்த ஒரு மில்லிமீற்றர் போதும் உங்கள் காசைத் தண்ணீரில் போட. குழி அகலமாக இருந்தால் நெக் பக்கவாட்டில் ஆடும், ஒடுக்கமாக இருந்தால் உட்காராது, தட்டி இறக்கினால் பெயின்ற் வெடிக்கும். உயர்தரத்தில் பௌதிகவியல் செய்திருந்தால் வேணியர் இடுக்கிமானி ஞாபகம் இருக்குமே, அதை எடுத்துக் குழியை அளந்து பாருங்கள். பெண்டர் கணக்கில் அகலம் 2 3/16 அங்குலம், அதாவது 55.6 மி.மீ. அளவில், ஆழம் 5/8 அங்குலம், 16 மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. குழியின் உள்முனை வளைவாக இருக்கிறதா என்றும் பாருங்கள். ஸ்ட்ராட் நெக்கின் அடி வளைவு, பெண்டரின் இன்னொரு மொடலான டெலியின் (டெலிகாஸ்டர்) நெக் அடி சதுரம். டெலி நெக்கை ஸ்ட்ராட் குழிக்குள் வைத்தால் இரண்டு மூலையும் இடிக்கும்.

அடுத்தது ஸ்கேல் நீளம், அதாவது நெக்கின் தலைப்பக்கம் கம்பியைத் தாங்கும் நட்டிலிருந்து பாடியில் கம்பியைத் தாங்கும் பிரிட்ஜ் வரை கம்பி அதிரும் நீளம். இதில்தான் ஆட்கள் விழுவது. பெண்டர் ஸ்கேல் 25.5 அங்குலம், 648 மி.மீ.; இன்னொரு கம்பனியான கிப்சனின் ஸ்கேல் 24.75 அங்குலம். உங்கள் பாடியில் பிரிட்ஜுக்குத் துளை ஏற்கெனவே போட்டிருக்கும், அதை நகர்த்த முடியாது. ஆகவே வெறுமனே கிப்சன் ஸ்கேல் என்று போட்டிருக்கும் நெக்கை விலை குறைவு என்று வாங்கிப் பூட்டினால், திறந்த கம்பி சுருதியில் நிற்கும், மேலே போகப் போக எல்லாம் பிசகும், பிரிட்ஜில் இருக்கும் சின்னச் சின்ன சாடில்களைத் திருகி அதைச் சரிசெய்யவும் முடியாது. பெண்டர் பாடிக்கென்றே கணக்குப் பார்த்துச் செய்த குறுகிய ஸ்கேல் ‘கன்வேர்ஷன்’ நெக்குகள் உண்டு, அவை வேறு கதை. நெக் கையில் கிடைத்ததும் நட்டிலிருந்து 12ஆவது பிரெட் (நெக்கின் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டை) வரை அளந்து பாருங்கள், 324 மி.மீ. வரவேண்டும். பிறகு குழியில் சும்மா வைத்து, 12ஆவது பிரெட்டிலிருந்து மெல்லிய E கம்பியின் சாடில் வரை அளந்தால் அதே 324 வரவேண்டும், சாடில் இன்னும் பின்னால் போகவும் இடம் இருக்கவேண்டும்.

சரி, மரம். மேப்பிளுக்கும் ரோஸ்வுட்டுக்கும் சத்தத்தில் வித்தியாசம் உண்டு என்று சண்டை பிடிப்பவர்கள் பிடிக்கட்டும். என்னைக் கேட்டால் கம்பியின் அதிர்வை மின் சைகையாக்கும் பிக்கப்பை மாற்றினால் கேட்கும் வித்தியாசத்துக்குப் பக்கத்திலும் அது வராது. கொழும்பில், அதுவும் கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் வெள்ளவத்தையில், பார்க்கவேண்டியது ஈரப்பதன். பூச்சில்லாத பச்சை மேப்பிள் வியர்வையையும் ஈரத்தையும் குடித்துக் கறுத்து வளையும், ஆகவே பூச்சோடு வாங்குங்கள். வறுத்த மேப்பிள் சூளையில் கடும் வெப்பத்தில் காய வைத்தது, அவ்வளவு அசையாது. கை எட்டும் விலை என்றால் நான் அதைத்தான் எடுப்பேன். நெக்குக்குள் இருந்து அதன் வளைவைச் சரிசெய்யும் உலோகக் கோலான ட்ரஸ் ராட்டைத் திருகும் இடம் தலைப்பக்கம் இருக்கட்டும். பழைய பாணி நெக்குகளில் அது அடிப்பக்கம் இருக்கும், மழைக்காலம் வந்து நெக் கொஞ்சம் வளைந்தாலும் கழற்றிப் பூட்டத்தான் வேண்டும்.

ரோஸ்வுட் எடுத்தால் அனுமதிப்பத்திரம் வேண்டுமா என்று இன்னும் சிலர் கேட்கிறார்கள். 2017 தொடக்கத்தில், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் சர்வதேச வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையில் ரோஸ்வுட் இனம் முழுவதையும் சேர்த்தார்கள், கிற்றார் கம்பனிகள் திண்டாடின, பெண்டர் கூடச் சில மொடல்களில் பாவ் ஃபெரோ என்ற மரத்துக்கு மாறியது. செய்து முடித்த வாத்தியங்களுக்கும் அவற்றின் பாகங்களுக்கும் 2019இல் விலக்குக் கொடுத்தார்கள். அந்த மாநாடு நம் கொழும்பில் நடக்க இருந்தது, உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு ஜெனீவாவுக்குப் போய்விட்டது. பிரேசில் ரோஸ்வுட்டுக்கு மட்டும் இந்த விலக்கு இல்லை, அந்தப் பெயர் போட்ட நெக்கைத் தொடவே வேண்டாம்.

கேள்வி: எனக்குச் சின்னக் கை. நட் அகலம் 42, 43 என்று வருகிறது. ஒரு மில்லிமீற்றர் பெரிய விசயமா?
– வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: விரலுக்குத் தெரியும் அக்கா, ஆனால் அதைவிட நெக்கின் பின்பக்கத் தடிப்புத்தான் கையைக் களைக்கச் செய்யும். 42 எடுங்கள், பின்பக்கம் மெல்லிய ‘C’ வடிவமா என்று கேளுங்கள். கம்பியை வளைத்து வாசிப்பவர் என்றால் விரல் பதியும் பலகையான பிங்கர்போர்டின் ரேடியஸ் (அதன் மேற்பரப்பு வளைவின் ஆரை) 9.5 அங்குலமோ 12ஓ நல்லது. 7.25இல் கோர்ட் பிடிக்கச் சுகம், கம்பியைத் தாழ்வாக வைத்து மேல் பிரெட்டுகளில் வளைத்தால் சத்தம் செத்துப்போகும்.

கேள்வி: வாங்கிய நெக்கில் ட்யூனர் (கம்பியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் திருகி) துளை 10 மி.மீ., என்னிடம் இருப்பது பழைய ட்யூனர். நெக்கைத் திருப்பி அனுப்பவா?
– வாசகர், மட்டக்குளி

பதில்: வேண்டாம். பழைய ட்யூனரை 10 மி.மீ. துளைக்குள் இருத்த அடாப்டர் புஷ் விற்கிறார்கள், அதைப் போடுங்கள். துளை சின்னது, ட்யூனர் பெரியது என்றால்தான் தலையிடி, ரீமரால் கையால் பெருப்பிக்கவேண்டி வரும்.

கேள்வி: நெக்கின் அடியில் திருகாணித் துளையே இல்லை. மொரட்டுவையில் தெரிந்த தச்சு பாஸ் ஒருவர் இருக்கிறார், அவரிடம் கொடுக்கலாமா?
– வாசகர், தெகிவளை

பதில்: துளை இல்லாமல் வந்தது உங்கள் அதிர்ஷ்டம், வேறு யாரோ போட்ட துளையை அடைத்துத் திரும்பப் போடும் வேலை மிச்சம். பாஸிடம் கொடுங்கள், பக்கத்தில் நில்லுங்கள். நெக்கைக் குழியில் வைத்துக் கிளாம்ப் போட்டு, இரண்டு ஓரக் கம்பிகளையும் ட்யூனரில் மாட்டி இலேசாக இழுத்து, கடைசி பிரெட்டில் இரண்டு பக்க விளிம்பிலிருந்தும் ஒரே தூரத்தில் ஓடுகிறதா என்று பார்க்கவேண்டும். ஓடாவிட்டால் நெக்கை ஒரு மயிரளவு சரித்து, சரிவந்த பிறகுதான் பாடியின் துளை வழியாக அடையாளம் குத்துவது. மேப்பிளுக்கு 3.2 மி.மீ. துளை. நெக்கின் அடி 25 மி.மீ.தான் தடிப்பு, அவசரப்பட்டால் பிங்கர்போர்டால் வெளியே வந்துவிடும், ட்ரில் ஊசியில் டேப் சுற்றி ஆழத்தைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பாடியில் இருக்கும் துளைகளில் திருகாணி மரை பிடிக்காமல் வழுக்கிப் போகவேண்டும், பிடித்தால் நெக்குக்கும் பாடிக்கும் நடுவே இடைவெளி நிற்கும், எவ்வளவு இறுக்கினாலும் மூடாது. திருகாணியில் கொஞ்சம் மெழுகு தடவி, கையால் இறுக்குங்கள், மின் ட்ரைவர் வேண்டாம்.