ஸ்கீமில் ஓடியது காமன் லிஸ்ப்பில் ஏன் ஓடவில்லை?

வணக்கம். பினாங்கு ஸ்திரீட் மளிகைக் கடைக்கு நீங்கள் ஸ்கீம் என்ற நிரல் மொழியில் எழுதிய பில் நிரலை, அதே லிஸ்ப் குடும்பத்து மொழியான காமன் லிஸ்ப்புக்கு மாற்றினால், கழிவு ஃபங்ஷனையும் 5 சென் ரவுண்டிங் ஃபங்ஷனையும் ஒன்றாகச் சேர்க்கும் 'இணை' ஃபங்ஷன் உடைகிறது என்கிறீர்கள். உங்கள் தர்க்கம் சரிதான். ஸ்கீமில் ஒரு பெயருக்கு ஒரே அர்த்தம். காமன் லிஸ்ப்பில் மாறிக்கு ஓர் இடம், ஃபங்ஷனுக்கு வேறு இடம்.

அதனால் 'இணை' வாங்கும் இரண்டு ஃபங்ஷன்களை அ, ஆ என்ற மாறிகளில் வைத்து, (அ (ஆ விலை)) என்று எழுதினால், அ என்ற பெயரில் ஃபங்ஷனே இல்லை என்று கத்தும். மாறியில் இருக்கும் ஃபங்ஷனைக் கூப்பிட ஃபன்கால் வேண்டும்: (ஃபன்கால் அ (ஃபன்கால் ஆ விலை)) என்று எழுதுங்கள். கூப்பிடும் இடத்திலும் வெறும் கழிவு போதாது, ஃபங்ஷன் இடத்தில் இருப்பதை எடுக்க #'கழிவு என்று கொடுக்க வேண்டும். ((இணை ...) விலை) என்ற அழகான வடிவமும் அங்கே செல்லாது. அதற்கும் ஃபன்கால்தான். எரிச்சலாகத்தான் இருக்கும், பழகிவிடும்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் கடன் அட்டைக் கணக்கில் ஃபோல்டு இருக்கிறது, பட்டியலில் உள்ளதை ஒவ்வொன்றாக எடுத்து ஒரே விடையாக்கும் ஃபங்ஷன். காமன் லிஸ்ப்பில் அந்த வேலைக்கு ரெட்யூஸ். ஸ்கீமின் எஸ்ஆர்எஃப்ஐ 1 என்ற பட்டியல் நூலகத்தின் ஃபோல்டு, நீங்கள் எழுதிய லாம்டாவுக்கு (பெயரில்லாத ஃபங்ஷனுக்கு) பொருளை முதலிலும் மீதியை அடுத்தும் கொடுக்கும், ரெட்யூஸ் நேர்மாறு. லாம்டாவை அப்படியே ஒட்டினால், 100 ரிங்கிட்டில் 30, 20 போய் 50 வர வேண்டிய இடத்தில் 90 வரும். பிழைச் செய்தி எதுவும் வராது. கூட்டலாக இருந்தால் விடையும் மாறாது, கண்டுபிடிக்கவே முடியாது. லாம்டாவின் இரண்டு பெயர்களையும் இடம் மாற்றிவிட்டு, 100ஐத் தொடக்க மதிப்பாகக் கொடுத்து ஓட்டிப் பாருங்கள்.