'பாலிம்ப்செஸ்ட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு என்ன பொருள்? கதை, கட்டுரைகளில் அதை எப்படிப் பயன்படுத்துகிறார்கள்?

எனக்கு மிகவும் பிடித்த ஆங்கிலச் சொற்களில் இது ஒன்று. கிரேக்கத்தில் 'பாலின்' என்றால் மறுபடி; பின்பாதி சுரண்டுவதைக் குறிக்கும். ஐரோப்பாவில் ஒரு காலத்தில் ஆட்டுத்தோலையும் கன்றுத்தோலையும் பதப்படுத்தி எழுதினார்கள். தோல் விலை அதிகம். அதனால் வேண்டாத நூலின் மையைக் கழுவி, சுரண்டி, அதே தோலில் வேறொன்றை எழுதினார்கள். பழைய எழுத்து முழுதாகப் போகாது, மங்கலாகத் தெரியும். அப்படிப்பட்ட ஏடுதான் பாலிம்ப்செஸ்ட்.

ஆர்க்கிமிடீஸின் கணித நூல்களைத் தாங்கிய 10ஆம் நூற்றாண்டுப் பிரதி ஒன்றுக்கும் இதே கதிதான். 1229இல் அதைச் சுரண்டி ஜெபப் புத்தகமாக்கிவிட்டார்கள். ஜெபங்களுக்கு அடியில் கிடப்பது ஆர்க்கிமிடீஸ் என்று 1906இல் ஹைபெர்க் என்ற டென்மார்க் அறிஞர் கண்டுபிடித்தார். ஆர்க்கிமிடீஸின் 'முறை' என்ற நூலின் கிரேக்க மூலம் இந்த ஒரு பிரதியில்தான் மிஞ்சியிருக்கிறது. பின்னாளில், மையிலிருந்த இரும்பை எக்ஸ்ரே கதிர்களால் தேடி மேலும் சில வரிகளை மீட்டார்கள்.

சரி, இலக்கியத்துக்கு வருவோம். இந்தச் சொல்லை நேரெதிரான இரண்டு விதமாகக் கையாண்டிருக்கிறார்கள். 1845இல் தாமஸ் டி குவின்சி என்ற ஆங்கில எழுத்தாளர் மனித மூளையை பாலிம்ப்செஸ்ட் என்றார். நினைவுகள் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்தாலும் அடியில் இருப்பது எதுவும் அழிவதில்லை என்பது அவர் கருத்து. 1949இல் வந்த ஜார்ஜ் ஆர்வெலின் '1984' நாவலிலோ வரலாறே பாலிம்ப்செஸ்ட். ஆட்சிக்கு வேண்டும்போதெல்லாம் சுரண்டி, புதிதாக எழுதிக்கொள்வார்கள். டி குவின்சிக்கு மிஞ்சுவது முக்கியம், ஆர்வெலுக்கு அழிப்பது. வாசிக்கும்போது எழுதியவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று பாருங்கள்.

பழையதும் புதியதும் கலந்த ஊரையெல்லாம் இப்போது பாலிம்ப்செஸ்ட் என்று எழுதிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அருகருகே இருந்தால் மட்டும் போதாது; ஒன்றை அழித்த இடத்தில் இன்னொன்று வந்திருக்க வேண்டும், அழித்ததன் தடமும் தெரிய வேண்டும்.

தமிழில் இதற்கு நேர்ச்சொல் கிடைக்காததற்கு ஓலையும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். எழுத்தாணி ஓலையைக் கீறிவிடும். கீறியதைச் சுரண்டிவிட்டு அதே இடத்தில் எழுத வழியில்லை. ஓலை நைந்தால் புது ஓலையில் பெயர்த்தெழுதுவார்கள், பழையதைச் சில வீடுகளில் ஆடிப்பெருக்கன்று ஆற்றில் விட்டுவிடுவார்கள். அதனால் மொழிபெயர்க்கும்போது வெறும் 'சுவடி' என்று போடாதீர்கள். நான் 'சுரண்டி எழுதிய ஏடு' என்றே எழுதுகிறேன்.