சமூக அளவில் சுகாதார மேம்பாடு என்றால் விழிப்புணர்வு முகாம் நடத்துவதுதானே?

இல்லை, முகாம் அதில் ஒரு சின்னத் துண்டு. 1986-இல் ஒட்டாவாவில் நடந்த உலக சுகாதார நிறுவன மாநாடு ஐந்து வேலைகளைச் சொன்னது: எல்லாத் துறைகளின் கொள்கையிலும் உடல்நலத்தைக் கணக்கில் எடுப்பது, வாழும் சூழலை மாற்றுவது, ஊர் மக்களையே செயலில் இறக்குவது, தனிமனிதத் திறனை வளர்ப்பது, மருத்துவச் சேவையை நோய்த்தடுப்புப் பக்கம் திருப்புவது. படிக்கும்போது கொஞ்சம் அரசாணை வாசனை அடிக்கும்.

பின்லாந்தின் வட கரேலியாவைப் பார்த்தால் விளங்கும். அங்கே ஆண்கள் நடுவயதிலேயே மாரடைப்பில் செத்துக்கொண்டிருந்தார்கள். 1971-இல் அந்தப் பகுதிக்காரர்களே அரசிடம் மனு கொடுத்தார்கள். மறு ஆண்டே திட்டம் தொடங்கியது. பொறுப்பேற்ற பெக்கா புஸ்காவுக்கு அப்போது 30 வயதுகூட ஆகவில்லை.

எதிரிகள் வெண்ணெய், உப்பு, சிகரெட். பால் மாட்டை நம்பிப் பிழைக்கும் ஊரில் வெண்ணெயைக் குறை என்றால் யார் கேட்பார்கள்? அதனால் மேடைப் பேச்சோடு நிற்கவில்லை. 'மார்த்தா' என்ற பெண்கள் அமைப்போடு சேர்ந்து ஊர் ஊராக விருந்து வைத்தார்கள். அதே பழைய இறைச்சிக் குழம்புதான். கொழுப்பு குறைவு, காய்கறி அதிகம். சாப்பிட்டுப் பார்த்த பிறகு வீட்டிலும் அப்படியே சமைத்தார்கள். பண்ணையாளர்கள் பெர்ரி சாகுபடிக்கு மாறவும் உதவி கிடைத்தது. எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது. பிழைப்பில் கை வைத்துவிட்டு அம்போவென்று விடவில்லை.

சுமார் 40 ஆண்டுகளில் உழைக்கும் வயது ஆண்களின் இதயநோய் மரணம் 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. பின்லாந்து முழுவதுமே குறைந்ததால், இதில் திட்டத்தின் பங்கு எவ்வளவு என்ற வாதமும் உண்டு.