ஐப்பசி, கார்த்திகைப் பூக்கள்: கேள்வி பதில்

சேலம்: ஆடியில் நட்ட சாமந்தி இடுப்பளவு வளர்ந்துவிட்டது, ஒரு மொட்டுகூட இல்லை. என்ன உரம் போடலாம்?

எதுவும் போடாதீர்கள். ராத்திரியில் ஒருமுறை போய்ச் செடியைப் பாருங்கள். இரவு நீண்டால்தான் சாமந்தி மொட்டு வைக்கும். ஐப்பசி தாண்டி அது பூப்பதற்குக் காரணமே அதுதான். தெருவிளக்கோ வராந்தா விளக்கோ விடிய விடிய இலைமேல் விழுந்தால் செடிக்கு இன்னும் கோடைக்காலம்தான், இலையாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். பசுமைக்குடிலில் சாமந்தி வளர்ப்பவர்கள் பூவைத் தள்ளிப்போட வேண்டுமென்றே இரவில் விளக்குப் போடுவார்கள். அதையே நீங்கள் தெரியாமல் செய்கிறீர்கள். பகலில் நல்ல வெயிலும் இரவில் நல்ல இருட்டும் கிடைக்கிற மூலைக்குத் தொட்டியை நகர்த்துங்கள். அப்புறம், தொட்டிக்கு அடியில் தட்டு இருந்தால் எடுத்துவிடுங்கள். அடைமழையில் தட்டில் தேங்கும் தண்ணீர் வேரை அழுக வைத்துவிடும்.

திருச்சி: டிசம்பர் பூவை எப்போது கவாத்து செய்வது?

பூத்து ஓய்ந்த பிறகு. இப்போது கத்தரித்தால் மொட்டோடு போய்விடும். வெட்டிய குச்சிகளை வீசாமல் ஊன்றிவையுங்கள், வேர் பிடிக்கும்.

கோவை: பாயின்செட்டியாவின் உச்சி இலைகள் சிவக்கவே இல்லை.

சேலத்துக்குச் சொன்னதேதான், இதற்கும் இருட்டு வேண்டும். கிள்ளும்போது வடியும் பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாகர்கோவில்: செங்காந்தள் நன்றாகப் பூத்தது. இப்போது கொடி மஞ்சளாகிக் காய்கிறது. செத்துவிட்டதா?

இல்லை, தூங்கப் போகிறது. இலை நுனியைச் சுருட்டிக் கம்பியைப் பிடித்து ஏறும். பூ விரியும்போது பச்சை, அடுத்து அடியில் மஞ்சள், கடைசியில் முழுச் சிவப்பு. இந்த ஆட்டமெல்லாம் முடிந்தால் கொடி காய்ந்து, கிழங்கு மட்டும் மண்ணுக்குள் உயிரோடு இருக்கும். தண்ணீரை நிறுத்திவிடுங்கள். ஆனி, ஆடியில் மறுபடி முளைக்கும்.

ஒரு எச்சரிக்கை. கிழங்கு, விதை, இலை எல்லாமே நஞ்சு. உள்ளே இருப்பது கோல்ச்சிசின், மருந்து செய்யவும் உதவுகிற நஞ்சு. ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கம் வயல் வயலாக இதைப் பயிரிடுவது அந்த மருந்துச் சரக்குக்காகத்தான். குழந்தை, நாய் உள்ள வீட்டில் வேலிக்கு அப்பால் வையுங்கள். சர்க்கரைவள்ளிக் கிழங்கு நட்ட பாத்தி அருகில் வேண்டவே வேண்டாம், கிழங்கு மாறிப்போகும். தோண்டும்போது கையுறை போடுங்கள்.

மதுரை: எங்கள் மல்லிகை பூக்கவில்லையே?

கார்த்திகையில் மல்லிகையா! நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து ஒரு முழம் விட்டு வெட்டிவிடுங்கள். பங்குனியில் பார்க்கலாம்.

ஈரோடு: விளக்குக் கதையை நான் நம்பமாட்டேன். எங்கள் தெருவிளக்குக்குக் கீழேயே சாமந்தி கொத்துக் கொத்தாகப் பூக்கிறது.

அது செண்டுமல்லியாக இருக்கலாம். அது விளக்கைச் சாமந்தி அளவுக்குப் பொருட்படுத்தாது.

ஈரோடு: மஞ்சள் சாமந்திதான் ஐயா. எனக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியும்.

சரி. கம்பம் எவ்வளவு உயரம், நடுவில் மரம் இருக்கிறதா? முக்கியம் விளக்கு இருப்பதல்ல, இலைமேல் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்பது. ராத்திரி செடியருகே நின்று செய்தித்தாளைப் பிரியுங்கள். எழுத்து படிக்க வந்தால் மொட்டுக்கு ஆபத்து. ரகத்துக்கு ரகமும் மாறும், சில ரகம் கொஞ்சம் தாங்கும்.

ஈரோடு: வேப்பமரம் ஒன்று நிற்கிறது.

அப்படிச் சொல்லுங்கள்.

தஞ்சாவூர்: தொட்டியை நகர்த்த முடியாது. துணி போட்டு மூடலாமா?

மூடலாம். கறுப்புத் துணி, மாலை ஆறு மணியிலிருந்து காலை ஏழு வரை. மொட்டு நிறம் காட்டும்வரை தினமும். இடையிடையே விட்டால் பலனில்லை. துணி இலையில் படாமல் குச்சி நட்டுப் போடுங்கள். மழைநாளில் நனைந்த துணியோடு மூடாதீர்கள், பூஞ்சணம் வரும்.

வேலூர்: செம்பருத்தி மொட்டு விரியாமலே உதிர்கிறது.

தட்டு இருக்கிறதா? முதலில் அதை எடுங்கள். மொட்டுக் காம்பில் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி ஒட்டியிருந்தால் அது மாவுப்பூச்சி. தண்ணீரைப் பீய்ச்சியடித்து, வேப்பெண்ணெய்க் கரைசல் தெளியுங்கள்.

சென்னை: சாமந்தி மொட்டு வைக்க எப்சம் உப்பு போடலாமா?

வேண்டாம். சேலத்துக்குச் சொன்னதைப் படியுங்கள். தட்டையும் எடுங்கள்.