படிக்கும்போது காதில் விழும் சத்தம்: கேள்வி பதில்

(பதில் சொல்பவர்: கேரள எல்லை ஊரான கொழிஞ்சாம்பாறையில் ஓய்வுபெற்ற உளவியல் ஆசிரியர்)

திருப்பூரிலிருந்து இங்கே வாக்கப்பட்டவள், சார். அரசு வேலைக்கான பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிக்கிறேன். பக்கத்து வீட்டில் நாள்பூரா மலையாள சீரியல். எனக்கு மலையாளம் பிடிபடலை. புரியாத பேச்சு நினைவைக் கெடுக்காதுதானே?

கெடுக்கும் கண்ணு. 1976இல் கோல், வெல்ஷ் என்ற இருவர் சோதித்தார்கள். எழுத்துகளை வரிசையாகக் கண்ணில் காட்டி, கூடவே ஜெர்மன் வாசிப்பை ஓடவிட்டார்கள். கேட்டவர்களுக்கு ஜெர்மன் தெரியாது. அப்படியும், பார்த்த எழுத்துகளை நினைவிலிருந்து சொல்லும்போது வரிசை பிசகியது.

ஏன் என்று கேட்டால், இரண்டு விளக்கம் உண்டு. ஓ.டி.பி.யை வாய்க்குள் முணுமுணுத்துத்தானே நினைவில் வைத்திருக்கிறோம்? அந்த முணுமுணுப்பு தங்கும் இடத்துக்கே பேச்சொலி நுழைந்துவிடுகிறது என்றார் உளவியலாளர் பேட்லி. கார்டிஃப் பல்கலையின் டிலன் ஜோன்ஸோ, மாறிக்கொண்டே வரும் ஒலி தானே ஒரு வரிசையாகி, நம் வரிசையோடு மோதுகிறது என்றார். நான் ஜோன்ஸ் கட்சி. ஏனென்றால் பேச்சே இல்லாமல் ஏறி இறங்கும் வெறும் ஸ்வரங்களும் கெடுக்கின்றன. ஒரே எழுத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னால் பாதிப்பு சொற்பம்.

வால்யூமைக் குறைக்கச் சொல்லிச் சமாதானமாகிவிடாதே. மெல்லிய பேச்சும் கெடுக்கும். ஒன்று மட்டும் ஆறுதல்: பாடத்தை வாசித்துப் புரிந்துகொள்வதற்கு, புரிகிற தமிழ் சீரியல்தான் பெரிய எதிரி.

ஃபேன் சத்தம்?

ஓடட்டும்.

காதுக்குள் எந்நேரமும் ரீங்காரம்.

காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள்.

பிடித்த பாட்டு கேட்டபடி படிக்கலாமா?

2011இல் பெர்ஹாம், விசார்ட் என்ற இரு ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தது இதைத்தான். பிடித்த பாட்டும் பிடிக்காத பாட்டும் வரிசை நினைவை ஒன்றுபோலவே கெடுத்தன. வால்யூமைக் குறைத்தாலும் அதே கதை.

ஹெட்போனில் பாட்டு?

மேலே பாருங்கள்.

வேலந்தாவளம் சந்தையில் இருபது வருசமாகக் காய் விற்கிறேன். நூறு பேர் கத்துவார்கள். என் கணக்கு பிசகியதில்லை. உங்கள் ஆராய்ச்சியெல்லாம் ரூமுக்குள்தான்.

நூறு குரல் ஒன்றாய்க் கலந்தால் இரைச்சலாகிவிடும் அண்ணாச்சி, ஏற்ற இறக்கம் மழுங்கிவிடும். பல குரல் சேர்ந்தால் பாதிப்பு குறைவதை, மேலே சொன்ன ஜோன்ஸும் மேக்கன் என்ற இன்னொரு ஆய்வாளரும் காட்டியிருக்கிறார்கள். பக்கத்தில் ஒரே ஒருத்தர் நின்று வேறு விலை சொல்லட்டும், அப்போது பாருங்கள்.

அதுக்கும் அசர மாட்டேன். காது பழகிப்போச்சு.

பலரும் இப்படித்தான் நம்புகிறார்கள். திரும்பத் திரும்பச் சோதித்தும், பழகுவதால் பெரிய குறைவு தெரியவில்லை. கணக்கை மனசிலேயே வைத்திருப்பீர்களா?

துண்டுச்சீட்டில் எழுதிக்குவேன்.

இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே!

சார், மெலடிப் பாட்டு மட்டும், மெதுவா வச்சு…

மெதுவாகவும் வேண்டாம்.