ஹோம் ரன்னை நம்பும் அணி: எதைப் பார்த்து எடைபோடுவது?

கேள்வி: டொரண்டோவில், ஸ்கார்பரோவில் வசிக்கிறேன். ஊரில் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன். மகனுக்காகப் பேஸ்பால் பார்க்கத் தொடங்கி, இப்போது ப்ளூ ஜேஸ் ஆட்டம் ஒன்றையும் விடுவதில்லை. "ஹோம் ரன்னையே நம்பினால் இப்படித்தான்" என்று ஒரு வருடம் திட்டுகிறார்கள். அடுத்த வருடம் "ஹோம் ரன் அடிக்க ஆளே இல்லை" என்கிறார்கள். எதை நம்புவது? ஓர் அணி யாரை வைத்துக்கொள்ள வேண்டும், யாரை விடலாம் என்பதை என்னைப் போன்றவர் எப்படிக் கணிப்பது? மகனுக்கு 11 வயது. அவன் அணியின் பயிற்சியாளர் எல்லாப் பிள்ளைகளையும் ஓங்கி அடிக்கச் சொல்கிறார். அது சரியா?

பதில்: நீங்கள் கேட்ட இரண்டு புலம்பலும் உங்கள் அணியைப் பற்றியே எழுந்தவைதான். அதனால் அந்த அணியை வைத்தே விளக்குகிறேன். ஹோம் ரன் என்பது பந்தை எல்லைச் சுவருக்கு அப்பால் அடிப்பது. அடித்தவரும், அப்போது பேஸில் (ரன் எடுக்க ஓடிக் கடக்க வேண்டிய இடங்கள்) நிற்பவர்களும் ரன் எடுத்துவிடுவார்கள்.

2021-இல் ப்ளூ ஜேஸ் 262 ஹோம் ரன் அடித்தது. அந்த ஆண்டு மேஜர் லீக்கில் (வட அமெரிக்காவின் உயர்மட்டப் பேஸ்பால்) அதற்கு மேல் யாரும் அடிக்கவில்லை. விளாதிமிர் குரேரோ ஜூனியர் 48, மார்கஸ் செமியன் 45. ஆனாலும் 91 வெற்றியோடு, ஒரே ஓர் ஆட்ட வித்தியாசத்தில் பிளேஆஃப் (சீசன் முடிவில் சிறந்த அணிகள் மோதும் சுற்று) வாய்ப்பு நழுவியது. உடனே பழி ஹோம் ரன் மேல் விழுந்தது. எனக்கு அதில் உடன்பாடில்லை. பெருந்தொற்றுக் கட்டுப்பாட்டால் அந்த அணி ஜூலை கடைசிவரை சொந்த ஊரில் ஆடவே இல்லை. முதலில் அமெரிக்காவின் டனீடின், பிறகு பஃபலோ. போதாததற்கு, சீசனின் முதல் பாதியில் கடைசி இன்னிங்ஸ்களை வீச வந்த பிட்சர்கள் கையிலிருந்த ஆட்டங்களைக் கோட்டை விட்டார்கள். ரன் எடுப்பதில் அந்த அணிக்குக் குறையே இல்லை.

அடிப்படைக் கணக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. ஹோம் ரன் இல்லாமல் ஓர் இன்னிங்ஸில் ரன் வர, பெரும்பாலும் இரண்டு மூன்று பேர் அடுத்தடுத்து வெற்றி பெற வேண்டும். ஒரு பேட்டர் 100 முறை வந்தால் 32 முறை பேஸை எட்டுகிறார் என்று வையுங்கள். மூன்று பேர் தொடர்ந்து எட்டும் வாய்ப்பு 100-க்கு மூன்றுக்குச் சற்று மேல். பிளேஆஃபில் எதிரே வருவது முதல்தர பிட்சர். அந்த 32 அவர்முன் 25 ஆகிறது. இப்போது மூவரும் தொடர்ந்து எட்டும் வாய்ப்பு ஒன்றரைதான். ஒவ்வொருவரும் இழந்தது கால்வாசிக்கும் கீழே. சங்கிலி இழந்ததோ பாதிக்கு மேல். ஹோம் ரன்னுக்கு இந்தச் சங்கிலி தேவையில்லை. நல்ல பிட்சர்முன் அதுவும் குறையும், ஆனால் ஒரு படிதான் குறையும். பிளேஆஃப் நடக்கும் அக்டோபரில் ஹோம் ரன் இன்னும் மதிப்பாவது இதனால்தான்.

2023 அட்லாண்டா பிரேவ்ஸைப் பாருங்கள். 307 ஹோம் ரன், 104 வெற்றி. பிளேஆஃபில் ஃபிலடெல்ஃபியாவிடம் நான்கே ஆட்டத்தில் தோற்றது. "பார்த்தீர்களா, ஹோம் ரன் அணி" என்றார்கள். அந்தத் தொடரின் மூன்றாவது ஆட்டத்தில் மட்டும் ஃபிலடெல்ஃபியா 6 ஹோம் ரன் அடித்ததை ஏனோ மறந்துவிட்டார்கள். பிரேவ்ஸ் தோற்றது ஹோம் ரன்னை நம்பியதால் அல்ல, அந்தத் தொடரில் எதிரணி அதிகம் அடித்ததால்.

இனி ஆள் தேர்வு. உங்கள் கேள்வியின் கனமான பகுதி இதுதான், நான் மிகவும் வருந்துவதும் இதைப் பற்றித்தான். 2022 பிளேஆஃபில் சியாட்டிலுக்கு எதிராக 8-1 என்று முன்னிலையில் இருந்து 10-9 என்று தோற்றதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்தக் குளிர்காலத்தில் நிர்வாகம் ஃபீல்டிங் பக்கம் சாய்ந்தது. டியாஸ்கர் ஹெர்னான்டஸைச் சியாட்டிலுக்குக் கொடுத்தார்கள். லூர்டெஸ் குரியேல் ஜூனியரையும் இளம் கேட்சர் கேப்ரியல் மொரேனோவையும் அரிசோனாவுக்குக் கொடுத்து டால்டன் வார்ஷோவை வாங்கினார்கள். சென்டர் ஃபீல்டுக்கு கெவின் கியர்மையர் வந்தார். பந்தைத் துரத்திப் பிடிப்பதில் அணி உண்மையிலேயே உயர்ந்தது, கியர்மையர் சிறந்த ஃபீல்டருக்கான கோல்டு கிளவ் விருதும் வாங்கினார். ஆனால் 2022 முதல் 2024 வரை ஹோம் ரன் 200-லிருந்து 188, பிறகு 156. மொத்த ரன் 775, 746, 671. வெற்றி 92, 89, 74. 2023 பிளேஆஃபில் மினசோட்டாவுக்கு எதிராக இரண்டு ஆட்டத்திலும் சேர்த்து ஒரே ஒரு ரன். முதல் ஆட்டத்தில் மினசோட்டாவின் மூன்று ரன்னும் ராய்ஸ் லூயிஸின் இரண்டு ஹோம் ரன்னில் வந்தவை.

ஃபீல்டிங்கை வாங்கியது தவறு என்று நான் சொல்லவில்லை. போன ரன்களுக்கு ஈடு தேடாமல் விட்டதுதான் தவறு. ஒரு ஹோம் ரன்னின் சராசரி மதிப்பு ஏறத்தாழ 1.4 ரன். 20 ஹோம் ரன் அடிப்பவரை அனுப்பும்போது அந்த 28 ரன் இனி எங்கிருந்து வரும் என்ற கேள்விக்குப் பதில் இருக்க வேண்டும்: பிடித்துக் காப்பாற்றும் ரன்னா, வாக்கா (பிட்சர் நான்கு பந்தைத் தவறாக வீசினால் பேட்டருக்குக் கிடைக்கும் முதல் பேஸ்), மற்றவர்கள் அடிக்கப்போவதா? பதில் இல்லாத மாற்றத்தைக் கண்டு நீங்கள் கோபப்படலாம், நியாயம்தான்.

விலை கொடுத்து வாங்கினால் வந்துவிடுமா என்றால், அதுவும் இல்லை. 2024-இல் பால்டிமோருக்கு 44 ஹோம் ரன் அடித்த அந்தோனி சான்டாண்டரை ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கொண்டுவந்தார்கள். தோள்பட்டைக் காயத்தால் 2025-இல் அவர் அடித்தது 6. இருந்தும் அதே 2025-இல் அணி 94 வெற்றி பெற்று, இறுதிச் சுற்றான உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம்வரை போனது. ஹோம் ரன் 191தான், 2021-ஐவிட 71 குறைவு. ஆனால் பேட்டிங் சராசரி, அதாவது ஹிட் (அடித்துப் பேஸை எட்டுவது) விகிதம், 0.265, லீக்கிலேயே முதலிடம். வரிசையின் கடைசிவரை பந்தைத் தொடத் தெரிந்தவர்கள். எர்னி கிளெமென்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வேறு அணி கைவிட்ட ஆள் அவர். அந்தப் பிளேஆஃபில் 30 ஹிட் அடித்தார், ஒரே பிளேஆஃபில் அதற்கு மேல் யாரும் அடித்ததில்லை.

அதே பிளேஆஃபில் சியாட்டிலுக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தின் ஏழாவது இன்னிங்ஸை மறுபடி போட்டுப் பாருங்கள். ஸ்கோர் 3-1, ப்ளூ ஜேஸ் பின்தங்கியிருக்கிறது. ஆடிசன் பார்ஜர் வாக். ஐசையா கைனர்-ஃபலேஃபா சிங்கிள். ஆன்ட்ரெஸ் ஹிமெனெஸ் பன்ட் செய்து (மட்டையால் பந்தை மெல்லத் தட்டி) இருவரையும் நகர்த்துகிறார். பிறகு ஜார்ஜ் ஸ்பிரிங்கரின் ஹோம் ரன், 4-3. அந்த மூவர் இல்லாவிட்டால் அது ஒற்றை ரன். ஸ்பிரிங்கர் இல்லாவிட்டால் அந்த மூவரின் உழைப்பும் பேஸிலேயே நின்றிருக்கும். இதற்கு நேர்மாறு டாட்ஜர்ஸுக்கு எதிரான உலகத் தொடரின் கடைசி இரவு. ஒன்பதாவது இன்னிங்ஸில் ஒரு அவுட்தான், மூன்று பேஸும் நிறைந்திருந்தன, ஒரு ரன் போதும், வரவில்லை. டாட்ஜர்ஸின் கடைசி மூன்று ரன்னும் தனித்தனி ஹோம் ரன்: மன்சி, ரோஹாஸ், ஸ்மித். எனக்கு இன்றும் அது வலிக்கிறது.

ஆகவே அடுத்த முறை ஆட்டம் பார்க்கும்போது, எத்தனை ஹோம் ரன் என்பதோடு ஒவ்வொன்றிலும் எத்தனை ரன் வந்தது என்றும் குறியுங்கள். அணியின் மொத்த ரன்னில் ஹோம் ரன்னால் வந்த பங்கைக் கணக்கிடுங்கள். இதற்கு கியேன் எண் என்று பெயர். 2005-இல் சிகாகோ வைட் சாக்ஸைச் சாம்பியனாக்கிய மேலாளர் ஓசி கியேனின் பெயரால் வந்தது. இக்காலத்தில் 40 சதவீதத்தை ஒட்டி இருப்பது இயல்பு. 50-ஐத் தொட்டாலும் பதறாதீர்கள். அந்த ஹோம் ரன்கள் பெரும்பாலும் ஒற்றை ரன்னாகவே வந்தால்தான் கவலை, முன்னால் வருபவர்கள் பேஸை எட்டுவதில்லை என்று பொருள். அப்போது அணிக்குத் தேவை இன்னொரு ஹோம் ரன் வீரர் அல்ல, பொறுமையாக வாக் வாங்குபவர்.

ஆள் தேர்வில் இன்னொன்று. அணியின் 26 பேர் பட்டியலில் பிட்சர்கள் 13 பேர்வரை போய்விடுவார்கள். மீதி 13-இல் ஒன்பது பேர் பேட்டிங் வரிசையில், ஒருவர் மாற்றுக் கேட்சர். பெஞ்சில் உண்மையில் மிஞ்சுவது மூன்று பேர். அந்த மூவரும் ஒரே மாதிரி ஓங்கி அடிப்பவர்களாக இருந்தால் எட்டாவது இன்னிங்ஸில் ஓட ஆளிருக்காது. மூவரும் ஓடுபவர்களாக இருந்தால், 2025 உலகத் தொடரின் முதல் ஆட்டத்தில் பார்ஜர் மாற்று பேட்டராக வந்து அடித்த அந்த நான்கு ரன் ஹோம் ரன்னுக்கு வாய்ப்பே இருந்திருக்காது. உலகத் தொடரில் மாற்று பேட்டர் ஒருவர் அப்படி அடித்தது அதுவே முதல் முறை.

மகன் விஷயம் வேறு. மேஜர் லீக்கில் ஸ்டிரைக் அவுட்டுக்கும் (மூன்று ஸ்டிரைக் விழுந்து அவுட் ஆவது) சாதாரண அவுட்டுக்கும் ரன் கணக்கில் வித்தியாசம் மிகச் சிறியது, ஏனென்றால் அங்கே ஃபீல்டர்கள் தவறவிடுவது அரிது. 11 வயதில் அப்படியில்லை. தரையோடு போகும் பந்து கைக்கடியில் நழுவும், எறிவது முதல் பேஸைத் தாண்டிப் போகும். அங்கே பந்தைத் தொட்டாலே பாதி வேலை முடிந்தது. வேகமாகச் சுழற்றப் பழகுவது நல்லதுதான், பயிற்சியில் சுழற்றட்டும். ஆட்டத்தில் இரண்டு ஸ்டிரைக் விழுந்த பிறகும் அதே ஓங்கலை எதிர்பார்க்க வேண்டாம் என்று பயிற்சியாளரிடம் பணிவாகக் கேட்டுப் பாருங்கள். பிடியை ஓர் அங்குலம் மேலே ஏற்றிக்கொண்டு, பந்தைத் தொட மட்டும் பார்க்கச் சொல்லுங்கள்.