ஞானப்பல் அறுவை: உங்கள் கேள்விகள், எங்கள் பதில்கள்

கீழ்த்தாடையில் ஞானப்பல் படுத்த நிலையில் முளைத்திருக்கிறது. அறுத்துத்தான் எடுக்க வேண்டுமாம். மரத்துப்போக ஊசி போட்டால் போதும் என்கிறார் டாக்டர். நினைவோடு இருக்கும்போதே எலும்பைக் குடைந்தால் தாங்க முடியுமா? முழு மயக்கம் கேட்கலாமா?
– வாசகி, கும்பகோணம்

தாங்க முடியும். முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: அந்த ஊசி வலியைத்தான் நிறுத்தும், அழுத்தத்தை நிறுத்தாது. வலியைக் கடத்தும் மெல்லிய நரம்பிழைகள் மருந்துக்கு எளிதில் அடங்கிவிடும். தொடுகையையும் அழுத்தத்தையும் கடத்தும் தடித்த இழைகள் அவ்வளவு சுலபமாக அடங்காது. அதனால் தாடையைப் பிடித்து அழுத்துவதும் பல்லை நெம்புவதும் நன்றாகவே தெரியும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், "ஊசி வேலை செய்யவில்லை" என்று நோயாளி பதறுவார்.

மருந்து பெரும்பாலும் 2 சதவீத லிக்னோகெயின். ரத்தக் கசிவு குறையவும் மரப்பு நீடிக்கவும் அதில் சிறிது அட்ரினலின் கலந்திருக்கும். போட்டதும் ஓரிரு நிமிடம் நெஞ்சு படபடப்பது அதனால்தான், தானே அடங்கும். ஊசி முனை நரம்பில் பட்டால் நாக்கில் மின்சாரம் பாய்ந்ததுபோல் ஒரு வெட்டு வரும். தலையை உதறாமல் கையைத் தூக்கிக் காட்டுங்கள். ஐந்து நிமிடத்தில் அந்தப் பக்கத்துக் கீழுதடு பாதியும் முகவாயும் தடித்துப்போனதுபோல் இருக்க வேண்டும். நாக்கு மட்டும் மரத்து உதடு மரக்கவில்லையென்றால் பல்லுக்குப் போகும் நரம்பு இன்னும் அடங்கவில்லை. அதைச் சொல்லாமல் வாயைத் திறக்காதீர்கள்.

பிறகு ஈறைக் கீறி விலக்குவார்கள். பல்லை மூடிய எலும்பை டிரில்லால் கொஞ்சம் குறைப்பார்கள். எலும்பு சூடேறாமலிருக்க சலைன் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். உறிஞ்சுகுழாய் பக்கத்திலேயே இரையும். படுத்த பல்லை முழுதாக இழுக்க வழி இருக்காது. தலை வேறு, வேர் வேறாக வெட்டித் துண்டுதுண்டாக எடுப்பார்கள். பல் பிளக்கும்போது 'மளுக்' என்று கேட்கும். எலும்பு வழியாக நேரே காதுக்குப் போவதால் அந்தச் சத்தம் பெரிதாகத் தெரியும். உண்மையில் பலரைப் பயமுறுத்துவது வலியைவிட இந்தச் சத்தம்தான். கடைசியில் குழியைக் கழுவி இரண்டு மூன்று தையல். பட்டு நூல் என்றால் ஏழாம் நாள் பிரிக்க வேண்டும். எல்லாம் சேர்த்து அரை மணி, முக்கால் மணி.

முழு மயக்கத்துக்கு மயக்க மருத்துவர், ரத்தப் பரிசோதனை, ஆறு மணி நேரப் பட்டினி எல்லாம் தேவை. நான்கு பல்லும் ஆழப் புதைந்திருந்தாலோ, வாயில் விரல் பட்டாலே குமட்டினாலோ, பயம் அளவுகடந்து இருந்தாலோ கேட்பது நியாயம். ஒரே ஒரு பல்லுக்கு, எங்கள் பார்வையில், அது அதிகப்படி. பயம் மட்டும்தான் தடை என்றால் அரைமயக்கம் தரும் வசதி உண்டா என்று விசாரியுங்கள். அதற்குத் துணைக்கு ஓர் ஆள் வர வேண்டும்.

ஊசி மட்டும் என்றால் வெறும் வயிற்றோடு போகவே கூடாது. நாற்காலியில் மயங்கி விழுபவர்களில் பலர் பயத்தில் சாப்பிடாமல் வந்தவர்கள்.

போன முறை கன்னம் வீங்கியிருந்தபோது போனேன். நாலு ஊசி போட்டும் மரக்கவில்லை. எனக்கு மருந்து பிடிக்காதோ?
– வாசகர், திருநெல்வேலி

வீக்கம்தான் காரணமாக இருக்கும். சீழ் கட்டிய இடத்தில் அமிலத்தன்மை கூடும். அங்கே மருந்தின் பெரும்பகுதி மின்னேற்றம் பெற்று, நரம்பின் உறையைத் தாண்ட முடியாமல் வெளியிலேயே நின்றுவிடும். முதலில் ஈறைக் கழுவி, சீழ் இருந்தால் வடித்து, வீக்கம் வடிந்த பின் பல்லை எடுப்பதே பெரும்பாலும் நல்லது. வேறு சிலருக்கு நரம்பு சற்று இடம் மாறி ஓடும். உயரம் மாற்றிப் போட்டால் மரக்கும். அளவு கூடிவிடுமோ என்ற கவலை வேண்டாம். அட்ரினலின் கலந்த லிக்னோகெயினுக்கு உச்ச வரம்பு உடல் எடையில் கிலோவுக்கு 7 மில்லிகிராம். 60 கிலோ ஆளுக்கு 420. 1.8 மில்லி குப்பி ஒன்றில் இருப்பது 36தான்.

அம்மாவுக்கு சர்க்கரை, பி.பி. இரண்டும் உண்டு. ஆஸ்பிரினும் சாப்பிடுகிறார். மாத்திரையை நிறுத்திவிட்டு அழைத்துப்போகவா?
– வாசகி, ஈரோடு

நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். ஆஸ்பிரினால் வரும் கசிவைத் துணியும் தையலும் அடக்கிவிடும். அதை நிறுத்தியதால் வரும் மாரடைப்பை அடக்க முடியாது. ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் போன்ற மாத்திரை என்றால், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனை பார்த்துக்கொண்டு இதய மருத்துவரிடமும் கேளுங்கள். காலை உணவும் வழக்கமான மாத்திரையும் முடித்து, முற்பகல் நேரமாக வாங்குங்கள். பி.பி. 180/110ஐத் தொட்டால் அன்று தள்ளிப்போட வேண்டும். எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு மாத்திரையோ ஊசியோ போட்டிருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். தாடை எலும்புப் புண் ஆறாமல் போகும் அபாயம் அதில் உண்டு.

எடுத்து மூன்று நாள் ஆகிறது. நேற்றுவரை குறைந்த வலி இன்று காதுவரை இழுக்கிறது. ஆன்டிபயாடிக் மாற்றலாமா?
– வாசகர், மதுரை

உலர்குழி என்று தோன்றுகிறது. பல் இருந்த குழியில் உறைந்த ரத்தம்தான் காயத்துக்கு மூடி. அது கரைந்தோ பெயர்ந்தோ போனால் எலும்பு திறந்து கிடக்கும். வாய் நாறும், குழி வெறுமையாகத் தெரியும். ஆன்டிபயாடிக் மாற்றி இந்த வலி போகாது. டாக்டர் குழியைக் கழுவிக் கிராம்பு எண்ணெய்ச் சத்துள்ள மருந்துத் திரியை வைத்தால் சீக்கிரமே ஆறுதல் தெரியும். வீட்டில் கிராம்பை இடித்து அடைக்காதீர்கள். துணுக்கு உள்ளே தங்கிவிடும்.

இனி எடுக்கப்போகிறவர்களுக்கு: வைத்த துணியை முக்கால் மணி நேரம் கடித்தபடி இருங்கள், எடுத்து எடுத்துப் பார்க்க வேண்டாம். முதல் நாள் துப்பக்கூடாது, கொப்பளிக்கக்கூடாது, ஸ்ட்ரா வேண்டாம். உமிழ்நீரை விழுங்குங்கள். பீடி, சிகரெட் ஒரு வாரமாவது ஆகாது. உலர்குழியை வரவழைக்கப் புகைப்பதைவிடச் சுலபமான வழி இல்லை. மரப்பு விடுவதற்கு முன்பே முதல் வலி மாத்திரை உள்ளே போயிருக்க வேண்டும். அன்று ஆறிய கஞ்சி, குழைத்த தயிர் சாதம். கன்னத்தில் துணியில் சுற்றிய ஐஸ், பத்து நிமிடம் வைத்துப் பத்து நிமிடம் எடுத்து. மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புநீர். வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாளில்தான் உச்சத்துக்குப் போகும்.

நேற்றுக் காலை எடுத்தது. இன்னும் கீழுதடு மரத்தே இருக்கிறது.
– வாசகி, சேலம்

ஊசியின் மரப்பு மூன்று முதல் ஐந்து மணி நேரத்தில் விட்டிருக்க வேண்டும். பல்லின் வேருக்கு அடியில் ஓடும் நரம்பு நசுங்கியிருக்கலாம். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில், மாதங்களில் உணர்வு திரும்பும். மிகச் சிலருக்கு நிலைத்துவிடும். இன்றே எடுத்தவரிடம் காட்டி, எதுவரை மரத்திருக்கிறது என்று குறித்து வைக்கச் சொல்லுங்கள். அடுத்தடுத்த வாரங்களில் எல்லை சுருங்குகிறதா என்று ஒப்பிட அது வேண்டும். அதுவரை காபியை ஆற்றிக் குடியுங்கள். உதடு வெந்தாலும் தெரியாது.